உற்றவன் உரை

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் நோய் தோன்றும் காரணத்தைக் கூறித் தொடங்கி, மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணிக் காட்டி முடிகின்றது. நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைபுரிபவன் என அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கும். வரிசையில் முதலிடம் மருத்துவனுக்கன்று; உற்றவனுக்கே. இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், அந்நால்வகைக்கும் தனித்தனியே நான்கு நான்கு இயல்புகளைச் சொல்லிச் செல்கிறார். உற்றவனுக்குரியனவாக அவர் சொல்பவற்றுள் பொருளுடைமை உண்டு. மருத்துவன் சொல்வழி நிற்றல் உண்டு. மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தலும் உண்டு. இவற்றோடு ஒன்றாக, நோயின் நிலையை உணர்த்துதலையும் அவர் வைத்திருக்கிறார்.

முப்பது ஆண்டுகளாக இக்குறளை வகுப்பறையில் நடத்தியிருக்கிறேன். நோய்நிலை உணர்த்தலைத் தேர்வுக்குரிய குறிப்புகளுள் ஒன்றாகவே மாணவர்க்குச் சொல்லி வந்தேன். அதன் உண்மைப் பொருள் எனக்கு விளங்கியது வகுப்பறையில் அன்று. ஒரு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில்.

நான் இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் வலக்காலின் வலிமையை இழந்தவன். காலிப்பர் அணிந்தும் ஊன்றுகோல் ஊன்றியும் நடந்து பழகியவன். ஐம்பது வயதைக் கடந்த பின்னர், 2018ஆம் ஆண்டு வாக்கில், என் இடக்கால் தளரத் தொடங்கியது. இளமை முதல் என்னைச் சுமந்துவந்த நல்ல கால் அது. பேருந்தின் முதற்படியில் அதனை ஊன்றி எழ இயலவில்லை. மாலை நேரங்களில் அந்தக் காலிலிருந்து செருப்பு நழுவி விழும். விழுந்தது தெரியாமல் நான்கடி நடந்திருப்பேன். ஓராண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, தம்பி மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவரைக் காணச் சென்றேன்.

மூன்று மணிநேரம் காத்திருந்து உள்ளே சென்றோம். மருத்துவர் என் காலிப்பரைப் பார்த்தார். பின்னர் என் தம்பி மகனைப் பார்த்தார். “இவருக்கு எத்தனை நாளா வலி?” என்று அவனிடம் கேட்டார். அவன் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த இளைஞன். என் கால்களுள் எது புதிதாகத் தளர்ந்தது என்பதுகூட அவனுக்குத் தெரியாது. “பெரியத்தாவையே கேளுங்க சார்” என்றான். மருத்துவர் தலையசைத்தார், ஆயினும் அடுத்த கேள்வியும் அவனை நோக்கியே வந்தது. நான் இடையே புகுந்து, “வலி இல்லை ஐயா, தளர்ச்சி, அதுவும் இந்தக் காலில் அன்று” என்று சொல்லி முடிப்பதற்குள், போலியோக் கால் வயது ஏற ஏற அப்படித்தான் இருக்கும் என்றும், தினமும் நன்றாக நடந்து பழக வேண்டும் என்றும் சொல்லி, வலிக்கு மாத்திரை எழுதிவிட்டார். இல்லாத வலிக்கு மாத்திரை. தளர்ந்துவரும் காலுக்கு நடைப்பயிற்சி.

அம்மருத்துவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வெளியே அறுபது பேர் அமர்ந்திருந்தார்கள். அவருக்கு என்மேல் வெறுப்பும் இல்லை. சொல்லப்போனால் இரக்கம் மிகுதியாகவே இருந்தது. ஆனால் அன்று அந்த அறையில் நான்காம் இடத்திற்குரியவன் முதலிடத்தில் அமர்த்தப்பெற்றான். முதலிடத்திற்குரியவன் பேசும் பொருளாக மட்டும் ஆகிவிட்டான். உடற்குறையுடையோர் பலரும் இதனை ஏதேனும் ஒரு வகையில் அனுபவித்திருப்பர். சக்கர நாற்காலியில் இருப்பவரை விடுத்து அதனைத் தள்ளி வந்தவரிடம் பேசுவார்கள். கண் தெரியாதவரிடம் உரத்த குரலில் பேசுவார்கள், அவருக்குக் காது கேளாதது போல. இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. உடலில் புதிதாக எது தோன்றினாலும் அதனைப் பழைய குறையின் கணக்கிலேயே எழுதிவிடுவது. ஊனத்தின் நிழலில் நோய் ஒளிந்துகொள்கிறது.

இது தனியொருவனின் மனக்குறை என்று எண்ணிவிட வேண்டா. உலக நலவாழ்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேருக்கு ஒருவர் என்னுமளவில், அதாவது 130 கோடி மக்கள், குறிப்பிடத்தக்க உடற்குறையுடனோ உளக்குறையுடனோ வாழ்கின்றனர் என்கிறது. அவர்களுள் சிலர் மற்றவரைக் காட்டிலும் 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறக்கின்றனர் என்றும் கூறுகிறது. குறை மட்டுமே அதற்குக் காரணமன்று. மருத்துவம் சென்று சேராமையும் காரணம். நம் நாட்டில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர்.

என் இடக்காலின் கதைக்கு வருகிறேன். அதில் பிறர்க்கும் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. இளம்பிள்ளை வாதக் கிருமி தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்களை அழிக்கின்றது. எஞ்சிய அணுக்கள் புதுக்கிளைகள் விட்டு, ஆதரவிழந்த தசை இழைகளையும் தாங்கிக்கொள்கின்றன. ஒருவர் உழைப்பில் பத்துப் பேர் உண்ணும் குடும்பத்தைப் போல அவை பல பத்தாண்டுகள் சுமந்து, பின்னர்க் களைத்துப் போகின்றன. அப்போது, நோய் கண்ட காலத்தில் பிழைத்துவிட்டதாக நாம் எண்ணியிருந்த உறுப்புங்கூடத் தளரத் தொடங்கும். போலியோவுக்குப் பிந்திய நலக்கேடு என்று இதனைக் குறிப்பர். இதனை உறுதிசெய்யத் தனியான இரத்தச் சோதனையோ படமோ இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நிலையாக இருந்த உடலில் புதிய தளர்ச்சி தோன்றியதா, அது ஓராண்டுக்கு மேல் நீடித்ததா, வேறு காரணம் எதுவும் இல்லையா என்று கேட்டறிந்தே மருத்துவர் முடிவுக்கு வரவேண்டும். களைத்துச் சோரும்வரை நடப்பதும் பயிற்சி செய்வதும் இந்நிலையில் தளர்ச்சியைக் கூட்டக் கூடும். எனக்குக் கிடைத்த அறிவுரையோ நன்றாக நடக்க வேண்டும் என்பது.

இந்தியாவில் இயற்கையான போலியோக் கிருமியால் தாக்குண்ட இறுதி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ அற்ற நிலையை எய்தியதாகச் சான்று பெற்றது. மகிழ வேண்டிய செய்தி; நானும் மகிழ்ந்தேன். ஆயினும் இன்று கல்லூரியை விட்டு வெளிவரும் இளம் மருத்துவர் இந்நோயைப் பாடநூலில் மட்டுமே கண்டவர். நோய் போய்விட்டது, நோயாளிகளாகிய நாங்கள் ஐம்பதிலும் அறுபதிலும் இருக்கிறோம். இந்நிலையில் எங்கள் உடலுக்குச் சான்று கூறக்கூடியவர்கள் நாங்களே. அச்சான்றைச் சரியாகக் கூறத் தெரியாமல் மருத்துவர்முன் அமர்வது, ஆவணமின்றி நீதிமன்றத்தில் நிற்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே மருத்துவரைக் காணச் செல்லும் மாற்றுத்திறனாளி ஒவ்வொருவரும் முன்னதாகவே ஒரு பக்கம் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஒரே பக்கம். பழைய மருத்துவச் சீட்டுகளும் படங்களும் நிறைந்த பையைக் கொட்டிக் காட்டினால் எந்த மருத்துவரும் படிக்கமாட்டார்; படிக்க அவருக்கு நேரமும் இல்லை. அப்பக்கத்தின் முதல் வரி, இன்று நான் ஏன் வந்தேன் என்பதாக இருக்கவேண்டும். “எனக்கு 1969 முதல் போலியோ” என்று தொடங்குவோமாயின், படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். “ஓராண்டாக என் இடக்கால், அதாவது போலியோவால் பாதிக்கப்படாத கால், தளர்ந்து வருகிறது, வலி இல்லை” என்று தொடங்கினால், நிழலிலிருந்து நோயை வெளியே இழுத்தவர்களாவோம்.

அடுத்து எழுத வேண்டியது, எனக்கு எது இயல்பு என்பது. இதனைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. உடல்நலம் உடையோர்க்குரிய அளவுகோல் எல்லார்க்கும் பொருந்தாது. என் பழைய மாணவர் ஒருவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து, மார்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்தவர். அவருடைய இரத்த அழுத்தம் இயல்பாகவே 90க்கு 60 என்னும் அளவில் இருக்கும். ஒருநாள் இரவு அவருக்குத் தலை பிளப்பது போல வலி, முகமெல்லாம் வியர்வை. அழைத்துச் சென்ற இடத்தில் அழுத்தத்தை அளந்து, 140க்கு 90 என்று கண்டு, சற்றே கூடுதல், அஞ்ச வேண்டா எனப் படுக்க வைத்தனர். பிறர்க்கு அது சற்றே கூடுதல். அவருக்கோ 50 புள்ளிகள் ஏறிய பேராபத்து. ஆறாம் மார்பு முள்ளெலும்பின் அளவிலோ அதற்கு மேலோ தண்டுவடம் அறுபட்டவர்க்கு, சிறுநீர்ப்பை நிறைந்து அடைபட்டாலே இவ்வாறு அழுத்தம் கட்டுமீறி ஏறும். ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்று மருத்துவர் சொல்வர். மூளையில் இரத்தம் கசியும் அளவுக்கும் அது போகக்கூடும். நல்வாய்ப்பாக அவருடைய தாயார் சிறுநீர்க் குழாய் மடங்கியிருப்பதைக் கண்டு நீக்கினார். மகனைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்தார். சிறிது நேரத்தில் தலைவலி தணிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மூதாட்டி அறிந்திருந்தது, அங்கிருந்த எவர்க்கும் தெரியவில்லை. இப்போது அம்மாணவர் தம் பக்கத்தின் தலையில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறார்: என் இயல்பான அழுத்தம் 90க்கு 60, இதற்கு மேல் 20 புள்ளி ஏறினாலும் என்னை உட்கார வைத்துக் குழாயைப் பாருங்கள்.

அறுவை மருத்துவத்திற்குச் செல்வோர் மயக்க மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டுவனவும் உண்டு. போலியோ கண்ட உடல்கள் மயக்க மருந்துக்கும் தசைத் தளர்வு மருந்துக்கும் மற்றவரினும் மிகுதியாக ஆட்படக்கூடும். அறுவைக்கு முந்திய நாளே இதனைக் கூறிவிடுவது நலம்.

இனி வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசும்போது மருத்துவர் எத்தனை மணிக்கு வருவார் என்று மட்டும் கேட்கிறோம். சாய்தளம் இருக்கிறதா, மின்தூக்கி வேலை செய்கிறதா, எக்ஸ்ரே அறை எந்த மாடியில், கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா என்பவற்றையும் கேட்க வேண்டும். கேட்டால் எதிர்முனையில் சற்று நேரம் பேச்சிராது. அவர்களும் அன்றுதான் எழுந்து சென்று பார்ப்பார்கள் போலும்.

கழிப்பறை என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அறிமுகமான சகோதரி ஒருவர், மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் முந்திய இரவிலிருந்தே தண்ணீர் அருந்துவதில்லை. அவர் நாற்காலி நுழையும் கழிப்பறை அங்கே இல்லை. ஆண் பணியாளரின் உதவியைக் கேட்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஒருமுறை இரத்தச் சோதனையில் சிறுநீரகம் பற்றிய அளவுகள் கூடுதலாக வந்தன. வீட்டார் கலங்கினர். மறுமுறை வயிறாரத் தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டருகே உள்ள சோதனை நிலையத்தில் இரத்தம் கொடுத்தார். அளவுகள் சரியாக இருந்தன. கட்டடத்தின் குறையொன்று ஒரு பெண்ணின் இரத்தத்தில் ஏறி நோயாகத் தோற்றமளித்தது. இதனைச் சொன்னால்தானே மருத்துவர் அறிவார்? நீர் அருந்தாமல் வந்தேன், இன்ன காரணத்தால் வந்தேன் என்று அந்தப் பக்கத்தில் எழுதுவதில் நாணம் எதற்கு? நாணவேண்டியவர் வேறு.

எடை பார்ப்பதும் இத்தகையதே. எழுந்து நிற்க இயலாதவரை நிறுக்கும் எடைமேடை பல மருத்துவமனைகளில் இல்லை. “அறுபது இருப்பீங்களா?” என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். சில மருந்துகளின் அளவு எடையைக் கொண்டே முடிவாகிறது. அங்கே ஊகம் நஞ்சாகலாம். வணிகர் ஒருவர் தம் மகனைச் சக்கர நாற்காலியோடு பஞ்சு மண்டித் தராசில் ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழித்து, கிராம் கணக்கில் எழுதிக்கொண்டு வந்ததை நான் அறிவேன். பஞ்சுக்கு வாய்த்த தராசு மனிதனுக்கு வாய்க்கவில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

படுக்கையில் ஏற்றும்போது எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்பதையும் முன்னரே சொல்லிவிட வேண்டும். தோள்மூட்டு தளர்ந்தவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, மூட்டை நழுவச் செய்துவிட்டு வருந்துவதால் பயனில்லை. தூக்குபவர் நல்லெண்ணத்தோடுதான் தூக்குகிறார்.

செவிப்புலன் இழந்தோரின் நிலை தனியே எழுதத்தக்கது. சைகைமொழி அறிந்தவர் நம் மருத்துவமனைகளில் மிக அரியர். பெற்றோர் இருவரும் காது கேளாதவராக இருக்கும் வீட்டில், பத்து வயதுப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளன். தாயின் மார்பில் உள்ள கட்டியைப் பற்றி மருத்துவர் சொல்வதை அப்பிள்ளை கேட்டு, புரிந்தும் புரியாமலும் தாய்க்குக் கையசைத்துச் சொல்கிறது. அந்தப் பிள்ளை அதைச் சுமக்கலாகாது. உறவினரல்லாத பெரியவர் ஒருவரை, இயன்றால் சைகைமொழி ஆசிரியரை, முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளல் வேண்டும். கைபேசியில் பேச்சைத் தமிழ் எழுத்தாக்கும் வசதி இன்று வந்திருக்கிறது. பிழை மலிந்ததாயினும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். 2020இல் கொள்ளை நோயின்போது எல்லாரும் முகக்கவசம் அணிந்தபோது, உதட்டசைவைப் படித்தே உலகோடு பேசியவர்கள் எவ்வளவு தனித்துப்போயினர் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? பார்வையற்ற நண்பர் ஒருவர், காலை மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர் வளையமும் இரவு மாத்திரை அட்டைக்கு இரண்டு வளையமும் இடுகிறார். மருந்துக் கடையிலேயே இதைச் செய்து வாங்கிக்கொள்கிறார். வீட்டிற்கு வந்து செய்தால் மாறிவிடும் என்பது அவர் பட்டறிவு.

துணைக்கு வருபவரைப் பற்றிப் பரிமேலழகர் சொன்ன நான்கையும் நான் இப்போது கூர்ந்து படிக்கிறேன். நோயாளியிடம் அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறு செய்யும் திறன், அறிவு. நோயாளிக்காகப் பேசுதல் அவற்றுள் இல்லை. ஆகவே வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே உடன் வருபவரோடு ஓர் உடன்பாடு செய்துகொள்வது நல்லது. நான் பேசுவேன், நான் மறந்ததை நீ நினைவூட்டலாம், உன்னைக் கேட்டால் என்னை நோக்கிக் கைகாட்டு, நான் கேட்டுக்கொண்டால் சற்று வெளியே இரு. இறுதியிற் சொன்னது பெண்களுக்கு இன்றியமையாதது. மாமியாரின் முன்னிலையிலும் அண்ணனின் முன்னிலையிலும் சொல்ல முடியாத நோய்கள் உண்டு. உடற்குறையுடைய பெண்ணுக்கு அத்தகைய தனிமை பெரும்பாலும் கிட்டுவதேயில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதும் இவ்வாறே. 18 வயது நிறைந்தவர், தாமே முடிவெடுக்கும் நிலையில் இருக்கையில், அவருடைய உடலைப் பற்றிய ஒப்புதலை உடன் வந்தவரிடம் வாங்குவது முறையன்று. அவர்தம் முழுமனத்தோடு, செய்தி அறிந்து தந்த ஒப்புதலின்றி, கருவுறும் ஆற்றலைப் போக்கும் சிகிச்சை எதனையும் செய்யலாகாது என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. கூறவேண்டிய தேவை இருந்ததனால்தான் கூறிற்று.

இக்கருத்துகளை மாணவர் கூட்டமொன்றில் நான் சொன்னபோது, முதுகலை மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: “ஐயா, படிக்கட்டைக் கட்டியது அவர்கள், ஏறமுடியாதவர்தாம் தயாராகிச் செல்ல வேண்டுமா? குற்றம் செய்தவரை விட்டுவிட்டுத் துன்புறுபவருக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறீர்களே?” அவை கைதட்டியது. நானும் தட்டினேன். அவர் கேட்டது நியாயம். அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேறுபாடின்றி எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகல் வேண்டும் என்றும், மாற்றுத்திறனாளிகளைக் கவனிப்பதிலும் மருத்துவம் அளிப்பதிலும் முன்னுரிமை வேண்டும் என்றும் சொல்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இல்லாமல் கட்டாய விதிகளாக வகுக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. இவற்றையெல்லாம் கேட்டுப் பெறுவதில் தளர்வு கூடாது. முன்பதிவு செய்யும்போதே, “உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?” என்னும் ஒரு கேள்வியை மருத்துவமனை கேட்குமாயின் நான் மேலே எழுதியதில் பாதி தேவைப்படாது.

ஆனால் அம்மாணவிக்கு நான் சொன்ன விடையை இங்கும் சொல்கிறேன். சாய்தளம் என்னை மருத்துவரின் அறை வரை கொண்டு சேர்க்கும். உள்ளே சென்ற பின் இடக்கால் எது, வலக்கால் எது என்று அது பேசாது. நோய்நிலை உணர்த்துதலை எந்தச் சட்டமும் எனக்காகச் செய்துவிட முடியாது, செய்யவும் கூடாது. அதனைப் பிறர் கையில் கொடுத்ததன் விளைவைத்தான் நான் நுகர்ந்தேன்.

இவ்விடத்தில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் அவர்கள் நினைவுக்கு வருகிறார். 1954ஆம் ஆண்டு நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். அதன் பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார்; நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அத்துறையை வளர்த்தெடுத்தார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். உற்றவனும் தீர்ப்பானும் ஒருவராகவே அமைந்த அரிய நிலை அவருடையது. அவர்முன் அமர்ந்த நோயாளி தம் உடலைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியிருந்திராது. மற்றவர்முன் நாம் விளக்கத்தான் வேண்டும்.

விளக்குவதற்கு மொழி வேண்டும். தமிழ்த்துறை மலரில் இப்பொருளை எழுதத் துணிந்ததும் அதனால்தான். நம் மக்கள் உடல் துன்பத்தைச் சொல்லக் கையாளும் சொற்களை எண்ணிப் பாருங்கள். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், பிசைவு, இழுப்பு, சுருக்கென்று தைத்தல், விண்விண்ணென்று தெறித்தல், மதமதப்பு, மரத்துப்போதல். இவை ஒவ்வொன்றும் வேறு. மரத்துப்போதலும் எரிச்சலும் நரம்பைச் சுட்டலாம். காலையில் எழுந்ததும் மூட்டில் உளைச்சல் என்றால் அது வேறொன்றைச் சுட்டலாம். அசதி என்பது ஓய்வெடுத்தால் தீர்வது; தளர்ச்சி ஓய்வெடுத்தாலும் தூக்க முடியாத நிலை. என் வழக்கில் எல்லாமே அசதிக்கும் தளர்ச்சிக்கும் இடையிலுள்ள அந்த வேறுபாட்டில் அடங்கியிருந்தது. இத்துணைச் சொற்களை வைத்துக்கொண்டு, மருத்துவர்முன் அமர்ந்ததும் “பெயின் சார்” என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். எழுதும் பக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்று எண்ணுவாரும் உளர். தேவையில்லை. நம் மருத்துவர்களுள் பெரும்பாலோர் தமிழ் படிப்பவர்கள். மருந்தின் பெயரையும் பழைய சோதனைகளின் பெயரையும் உள்ளவாறே எழுதிவிட்டு, நோயைத் தமிழில் எழுதுங்கள்.

பள்ளியிலும் கல்லூரியிலும் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். தலைமையாசிரியருக்கு விடுப்பு விண்ணப்பம், நாளிதழ் ஆசிரியருக்கு முறையீடு, நண்பனுக்கு வாழ்த்து. மருத்துவருக்குத் தன் நோய்நிலையை உணர்த்தி எழுதும் பயிற்சியை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. நம் மாணவர்கள் பார்வையற்ற தோழர்களுக்காகத் தேர்வு எழுதித் தருகிறார்கள். சொல்வதைச் சொன்னவாறே எழுதும் நேர்மை அவர்களுக்குக் கைவந்திருக்கிறது. அந்தக் கையே ஓய்வு நேரத்தில் ஊரிலுள்ள மாற்றுத்திறனாளிகளின் அருகமர்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதித் தரலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் மணிக்கணக்கில் இதனையும் சேர்த்துக்கொள்ளுமாறு துறைத்தலைவரிடம் கேட்டிருக்கிறேன். இதில் இலக்கணமும் உண்டு, மக்கள் வழக்காறும் உண்டு. நோய்ச் சொற்களைத் தொகுத்தால் ஆய்வேட்டுக்கே பொருள் கிடைக்கும். அது வேறு பேச்சு.

என் இடக்காலின் கதையில் எஞ்சியதையும் கூறிவிடுகிறேன். ஆறு மாதங்களுக்குப் பின் வேறொரு மருத்துவமனைக்குச் சென்றேன். பக்கத்தை இருமுறை திருத்தி எழுதி, மூன்றாம் முறை தெளிவான கையெழுத்தில் படியெடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். செருப்பு நழுவியதையும், பேருந்துப் படியையும், ஓராண்டுக் கணக்கையும், வலி இல்லை என்பதையும் எழுதியிருந்தேன். அடியில் நான்கு விரற்கடை வெற்றிடம் விட்டிருந்தேன், மருத்துவர் எழுதுவதற்காக. அவர் இளையவர், என் மாணவர்களின் வயதுடையவர். வழக்கம்போல என் தம்பி மகனை நோக்கித் திரும்பினார். அவன் என்னை நோக்கிக் கைகாட்டினான். நான் தாளை நீட்டினேன். படித்தார், பாதியில் நிறுத்தி மீண்டும் மேலிருந்து படித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “முதன்முதலா செருப்பு நழுவினது எந்த மாசம்னு ஞாபகம் இருக்கா ஐயா?” என்று கேட்டார்.

ஐப்பசி என்றேன். தம்பி மகன் எழுந்து தேநீர் குடிக்க வெளியே போய்விட்டான்.